டப்பாவில் வந்த மாப்பிள்ளை

பெண் வீட்டார்: அண்ணன், தங்கை. மாப்பிள்ளை வீட்டார்: மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி மட்டும். பெண் உள்ளே இருந்தாள். மாப்பிள்ளை, மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்தான்.

இருவரும் டரான்டுலா சிலந்திகள். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி.

“இன்னைக்கு இந்தக் கல்யாணத்தை முடிச்சே ஆகணும்,” என்றாள் தங்கை. “ஞாயித்துக்கிழமை தவறாம டீ போட்டு என் கை ஓய்ஞ்சு போச்சு.”

“அவசரப்பட்டா பொண்ணு மாப்பிள்ளையைத் தின்னுடும்,” என்றான் அண்ணன்.

“தின்னா தின்னட்டும். அதுவும் ஒரு முடிவுதானே.”

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் லிஃப்ட் நின்றுபோனால் ஓடிப்போய் நகர்த்திவிடுவான். தன் காரியம் என்றால் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிடுவான்.

ஹால் மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டி அவன் கைவேலை. தேங்காய் நார்த்தூள் கலந்த மண், பச்சைப் பாசி, பெரணி, கண்ணாடியில் தொற்றி ஏறும் மணி பிளான்ட், மரப்பட்டைக்கு அடியில் ஒரு வளை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் செடியைப் புகழ்வார்கள். பிறகு வளையிலிருந்து ஒரு கால் நீளும். உடனே செருப்பைத் தேடுவார்கள்.

கண்ணாடிக் கடைக்காரி மட்டும் தேடவில்லை. சிலந்தி உரித்துப் போடும் தோலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். அதற்கு ஒரு லென்ஸ் வாங்கத்தான் அவன் அவள் கடைக்குப் போனான். கொண்டுபோன தோலை மேசையில் விரித்து, எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததே அவள்தான்.

“உங்களுது பொண்ணு. என்கிட்ட ஒரு ஆம்பளை இருக்கு. கொண்டு வரட்டுமா?” என்று கேட்டாள்.

கொண்டு வந்தாள். டப்பாவைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, “இங்கேயே இருக்கட்டும், வாசனை பழகட்டும்,” என்றாள். அடுத்த ஞாயிறு அவள் வருவதற்குள் மாப்பிள்ளை தோல் உரித்துவிட்டான். “உடம்பு கெட்டியாகட்டும்,” என்றான் அண்ணன். தோலை டிஷ்யூ பேப்பரில் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதை அவள் கேட்கவே இல்லை.

பிறகு ஒரு வாரம் பாசி காய்ந்திருந்தது. இன்னொரு வாரம் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிறுதோறும் இருவரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு, சிலந்தியைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது. சொல்ல வாய் வரவில்லை. இப்போது நேரமும் இல்லை. வேறு ஊரில் உள்ள கிளைக்கு அவளை மாற்றிவிட்டார்கள். நாளைக் காலையில் கிளம்புகிறாள். சிலந்திகள் சேர்ந்துவிட்டால் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மறுபடி கூப்பிட ஒரு சாக்கும் இருக்காது.

“இன்னைக்கு ஈரம் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தான்.

“போன வாரமும் ஈரம்தான். புதுசா ஏதாவது யோசிச்சு வைக்கக் கூடாதா?” தங்கை திரும்பினாள். “அக்கா, நீங்க சொல்லுங்க. விடலாமா, வேணாமா?”

“வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கோன்னு பார்க்கிறேன்.”

தங்கை எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். “நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள அதுங்களுக்கு வயசாகிடும்.”

டப்பாவைக் கையில் எடுத்து மூடியைத் திறந்தாள். மறு கையால் தொட்டியின் மூடியைத் தள்ளினாள்.

“விடாதே. அது பொண்ணு,” என்று அண்ணன் கத்தினான்.

தொட்டியின் மூடி நகரவில்லை. கடைக்காரியின் உள்ளங்கை அதன்மேல் அழுத்தமாக இருந்தது.

“எது பொண்ணு?” என்றாள் தங்கை.

“டப்பாவில இருக்கிறது. ரெண்டும் பொண்ணு. உள்ளே விட்டா ஒண்ணு செத்துடும்.”

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“தோல் உரிச்ச அன்னைக்கே. லென்ஸ்ல பார்த்தேன்.”

தங்கை டப்பாவை மெதுவாக மூடினாள். “அப்ப இத்தனை வாரமா அவங்களை எதுக்கு வரவழைச்சே?”

அண்ணன் மணி பிளான்ட்டைப் பார்த்தான். அதனிடமிருந்து உதவி எதுவும் வரவில்லை.

“சொன்னா வரமாட்டாங்கன்னுதான்.”

வளையிலிருந்து ஒரு கால் எட்டிப் பார்த்தது. நிலைமை சரியில்லை என்று உள்ளே போய்விட்டது.

“நான் கடைக்குப் போறேன். பால் தீர்ந்துடுச்சு,” என்று தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். பால் தீரவில்லை.

கடைக்காரி எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். அவன் முகத்தைப் பார்க்காமல் நேராகக் கதவை நோக்கி நடந்தாள்.

“மன்னிச்சுக்குங்க,” என்றான், அவள் முதுகிடம். “உங்க பூச்சியை வச்சே உங்களை ஏமாத்திட்டேன். முதல்லயே சொல்லியிருக்கணும்.”

படியில் தங்கையின் செருப்புச் சத்தம் இறங்கி ஓயும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.

“பொண்ணுன்னு தெரிஞ்சுதான் கொண்டு வந்தேன்.”