தளர்ந்த நாலு ஆணி

"அப்பா, மாட்டன் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. அந்த மனுசி கண்ணை மூட முன்னம் உங்களோட ஒருக்காக் கதைக்க வேணுமாம்."

கனடாவில் மொன்றியலுக்குப் பக்கத்துச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மகள் இமெல்டா வேலை செய்யும் முதியோர் இல்லத்து வாசல்வரை வந்துவிட்டு, காரை விட்டு இறங்கமாட்டேன் என்று பத்திநாதர் அடம்பிடித்தார். எழுபத்தெட்டு வயதில் அவருடைய பிடிவாதம் ஒன்றுதான் மூட்டுவலி இல்லாமல் நிமிர்ந்து நின்றது.

"என்னோட அவவுக்கு என்ன கதை?"

"ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்தில நீங்கள் கொக்கலவில வேலை செய்தனீங்கள் எண்டு வாய்தவறிச் சொல்லிப்போட்டன். அண்டையில இருந்து என்ர கையை விடுறா இல்லை. இன்னும் ஒரு கிழமை தாங்குவாவோ தெரியாது, பாவம்."

கொக்கல என்றதும் கிழவர் அடங்கிப்போனார். பதினெட்டு வயதில் மன்னாரிலிருந்து தெற்கே காலிப் பக்கம் போய், வெள்ளைக்காரனின் கடல்விமானங்களைக் கழுவித் துடைத்து ஏரியில் இறக்கிவிடும் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் வாயே திறப்பதில்லை. இன்று என்ன நினைத்தாரோ, மெதுவாக இறங்கி மகளின் பின்னால் நடந்தார்.

எலிசா என்ற அந்த மூதாட்டி கட்டிலில் ஒரு பிடி எலும்பாகக் கிடந்தார். பத்திநாதரைக் கண்டதும் பிரெஞ்சில் படபடவென்று கொட்டினார். இமெல்டா தமிழில் சொன்னாள்.

"சண்டை நேரம் இவ இஞ்ச மொன்றியலில, விமானம் செய்யிற இடத்தில வேலையாம். அடித்தகட்டுக்கு றிவெட் ஆணி அடிக்கிறது. ஒரு சனிக்கிழமை நாலு ஆணி தளர்வா இருந்ததைக் கண்டும், டான்ஸுக்குப் போற அவசரத்தில விட்டிட்டாவாம். அந்த விமானம்தான் கொக்கலவுக்கு வந்ததாம். அதின்ர நம்பர் இண்டைக்கும் பாடமாம்."

பத்திநாதர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இரவு ஏரியில கட்டியிருக்கேக்க அடியால தண்ணி ஏறினதாம். விடியக் கிளப்பினா, பாரத்தில எழும்பாமல் கரையில அடிபட்டு எட்டுப் பேரும் முடிஞ்சினமாம். பிறகு தேடி எடுத்துப் படிச்ச விமானப்படை அறிக்கையில காரணம் எண்டு ஒரே வரியாம், அடியில் நீர்க்கசிவு. நீங்கள் அங்க நிண்டனீங்களோ எண்டு கேக்கிறா."

"நிண்டனான். எட்டுப் பேரையும் தூக்கினது நாங்கள்தான்."

அதைக் கேட்டு எலிசா முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். இமெல்டா அவர் தோளைத் தடவியபடி தமிழில் சொன்னாள்.

"எட்டுத் தாய்மாரின்ர பிள்ளையளைத் திண்ட எனக்குப் பிள்ளை எதுக்கு எண்டு கலியாணமே கட்டேல்லையாம், அப்பா. கேட்டு வந்தவனையும் திருப்பி அனுப்பிப்போட்டாவாம். அறுபது வருசம் தனிய. சுவாமியாரிட்ட எத்தினையோ தரம் பாவசங்கீர்த்தனம் செய்தும் மனம் ஆறேல்லையாம். அங்க நிண்ட ஒருத்தர் மன்னிக்கோணுமாம்."

பத்திநாதர் முகத்தைத் திருப்பி சுவரைப் பார்த்தார். இமெல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கிறவருக்கு ஒரு சொல் சொல்வதற்கு இவ்வளவு பிகுவா? பெற்ற அப்பன் என்றாலும், இப்படியும் ஒரு கல்நெஞ்சா?

"சொல்லுங்கோவன், அப்பா!"

சுவரைப் பார்த்தபடியே, "மன்னிச்சிட்டன் எண்டு சொல்லு" என்றார்.

எலிசா அவர் கையை இழுத்து முத்தமிட்டார். "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லி அழுதபடியே கண்ணயர்ந்தார்.

காரில் ஏறியதும் பத்திநாதர் உடைந்துபோனார். அப்பா குலுங்கிக் குலுங்கி அழுவதை இமெல்டா அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள். சற்று முன்பு கோபப்பட்டதற்காக வெட்கமாக இருந்தது.

"செத்த பெடியளை நினைச்சு அழாதேங்கோ அப்பா. இண்டைக்குப் பெரிய புண்ணியம் செய்திருக்கிறியள்."

"அவவின்ர ஆணி ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை. விமானத்தின்ர அடியில தண்ணி வடிய விடுற ஓட்டை ஒண்டு இருக்கு. கழுவி முடிய, அதுக்கு மூடியைப் பூட்டித்தான் ஏரியில இறக்கோணும். அந்த எட்டுப் பேரையும் தூக்கேக்க, மூடி என்ர காச்சட்டைப் பொக்கற்றுக்குள்ள கிடந்தது."