சும்மா உட்கார்ந்திருந்த டீச்சர்

அந்த டீச்சர் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. அதிகாரியும் வந்ததிலிருந்து அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் வாங்கும் சம்பளத்தையே மழலையர் வகுப்பு டீச்சருக்கும் கொடுக்கலாமா என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. இப்போது கிடைப்பது அதில் பாதி. இந்த அம்மாள் மூன்று வருடமாக மனு மேல் மனு போட்டவர். கேட்கத் தெரிந்தால் போதுமா, வேலை செய்யத் தெரிய வேண்டாமா?

குட்டி நாற்காலி ஒன்றில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

எதிரே ஒரு பொடியன். தண்ணீரைக் கொட்டி நனைத்துக்கொண்டதால் வேறு சட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மேல் பொத்தான் கீழ் ஓட்டையில் போனது. கழற்றினான். மறுபடியும் அதே ஓட்டை. உதடு பிதுங்க ஆரம்பித்தது.

டீச்சர் அசைய வேண்டுமே! வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய்க் குனிந்தார்.

"வாடா கண்ணா, மாமா போட்டு விடறேன்." தாத்தா என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.

"வேண்டாம் சார். தயவுசெஞ்சு உட்காருங்க."

"குழந்தை அழப் போகுதும்மா!"

"கொஞ்சம் அழட்டும் சார்."

என்ன கல்நெஞ்சம்! அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்குள் ஒரு சிறுமி எழுந்து வந்து, "கீழேருந்து போடுடா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொடியன் கீழிருந்து தொடங்கினான். கடைசிப் பொத்தானும் மாட்டியதும் டீச்சரைப் பார்த்து ஒரு சிரிப்பு. டீச்சரும் சிரித்தார். அந்த அரை மணியில் அவர் செய்த ஒரே வேலை அதுதான்.

பிள்ளைகளே எல்லாம் பார்த்துக்கொண்டால் டீச்சர் எதற்கு? 'சம்பள உயர்வு தேவையில்லை' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுவிட்டு அதிகாரி அடுத்த அறைக்குப் போனார்.

வேலை என்றால் இதுவல்லவா வேலை! ஒன்றாம் வகுப்பு டீச்சர் காலில் சக்கரம் கட்டாத குறையாக ஓடிக்கொண்டிருந்தார். ஒருத்திக்குத் தண்ணீர் பாட்டில் மூடி திறக்கவில்லை. ஒருத்தனுக்கு அம்மா வேண்டுமாம். ஜன்னல் ஓர இடத்துக்காக இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். இதற்கு நடுவே கரும்பலகையில் கூட்டல் கணக்கு வேறு. பார்க்கிற அதிகாரிக்கே மூச்சு வாங்கியது.

"இப்படி உழைக்கிறீங்களேம்மா! பக்கத்து ரூம்ல ஒருத்தங்க உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கல. அவங்களுக்கு உங்களுக்குச் சமமா சம்பளம் வேணுமாம்!"

டீச்சர் மகிழ்ந்துபோவார் என்றுதான் நினைத்தார். டீச்சரோ சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"சார், இங்க முப்பத்தாறு பிள்ளைங்க. நான் யார் பின்னாடி ஓடிட்டிருந்தேன்னு கவனிச்சீங்களா? இதோ, இந்த எட்டுப் பேர். இந்த வருஷம் வேற இடத்துலேருந்து வந்து சேர்ந்தவங்க."

அதிகாரி அப்போதுதான் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். இத்தனை அமளியிலும் இருபத்தெட்டுப் பேர் தலை குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் பென்சில் முனை உடைந்தது. தானே எழுந்து போய்ச் சீவிக்கொண்டு, தூளைக் கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

"அப்போ... இவங்கெல்லாம்?"

"அந்த டீச்சர்கிட்டேருந்து வந்தவங்க. இவங்க பக்கம் நான் இன்னைக்கு இன்னும் போகவே இல்ல. எனக்குச் சமமா எழுதாதீங்க சார், என்னைவிட அதிகமா எழுத வழி இருக்கான்னு பாருங்க."