மத்தியானப் பாடு

"சட்டையைக் கழட்டு" என்றாள் மருத்துவச்சி வேலம்மா.

நீலமேகம் அசையவில்லை. மத்தியானமாகியும் மார்கழி வாடை ஏரியிலிருந்து நேராக வந்து ஓலைத் தட்டியை உலுக்கிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த துணிச் சுருளைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"இன்னாக்கா இது, பொம்பளைங்க வேலைய எங்கிட்ட குடுக்கறே?"

"பாடு வூட்டுக்குத்தானே? உன் வூட்ல உன்னை வுட்டா வேற யாரு கீறாங்க?"

பாடு என்று சொல்லிவிட்டால் தோணிரேவுக் குப்பத்தில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை வீட்டுக்கு ஒரு முறையென்று பிரித்துக்கொள்வதுதான் பாடு. இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு. அதே முறையை இப்போது ஒரு பிள்ளைக்கு வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டுக்காரி செல்வம்மாளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. பொன்னேரி டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேண்டியது சூடும் பாலும். சூடு கொடுக்கிற கண்ணாடிப் பெட்டி மெட்ராஸில் இருக்கிறது, அவ்வளவு தூரம் இது தாங்காது.

ஊருக்கு அந்த வருஷம்தான் கரண்டுக் கம்பம் வந்திருந்தது. கரண்டு வரவில்லை. பெட்டி கிடக்கட்டும், நம்ம உடம்பில் இல்லாத சூடா என்று கேட்டவள் வேலம்மாதான். அன்றிலிருந்து வீட்டுக்கு ஒருத்தியாக வந்து, பிள்ளையை வெறும் மார்பில் போட்டு முந்தானையால் மூடி உட்கார்ந்தார்கள்.

சூடு கிடைத்தது. பால்தான் இறங்கவில்லை. பிள்ளைக்குச் சப்பத் தெரியவில்லை. பெற்றவள் மார்பில் வைத்தால் வாயைக்கூடத் திறக்காது. பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டதில் பாதி கடைவாயில் வழிந்தது. நாளுக்கு நாள் பிள்ளை சுண்டிக்கொண்டே வந்தது.

தலை நிற்பது, குப்புற விழுவது, தவழ்வது எல்லாம் அப்புறம், முதலில் இது சப்ப வேண்டும் என்று வேலம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சப்பாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

நீலமேகம் சட்டையைக் கழற்றினான்.

போன வருஷம் ஐப்பசியில் அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு ஏரிக்குப் போவான், வருவான், அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று கேட்டவர்களிடம் சண்டைக்குப் போனான். அவர்களும் எத்தனை நாள்தான் கேட்பார்கள்? விட்டுவிட்டார்கள்.

வேலம்மா பிள்ளையை அவன் மார்பில் படுக்க வைத்து, மேலே கம்பளியைச் சுற்றிவிட்டு வெளியே போனாள்.

கனமே இல்லை. நல்லதாக ஒரு மடவை மீன் இதைவிடக் கனக்கும். தோளெல்லாம் பூனைமுடி. காது மடங்கினால் மடங்கினபடியே கிடந்தது. நீலமேகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உயிர் நண்டை வெறுங்கையால் பிடிக்கிறவன், அந்த முதுகைத் தொடப் பயந்து கையை அந்தரத்தில் வைத்திருந்தான்.

பிள்ளை மூச்சு விடுவதை நிறுத்தியது.

அவனும் நிறுத்தினான்.

பிறகு அதுவாகவே சின்னதாக ஒரு மூச்சை இழுத்தது. அவனுக்குப் போன உயிர் வந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தானோ. மார்பு வேர்த்துவிட்டது. அந்தரத்தில் நின்ற கை எப்போது முதுகில் இறங்கியது என்று அவனுக்கே தெரியாது. அப்போது பிள்ளையின் தலை நகர்ந்தது.

தன் மூச்சில்தான் ஆடுகிறது என்று முதலில் நினைத்தான். இல்லை. அது தானாகத் திரும்பியது. கன்னத்தை அவன் தோலில் தேய்த்தது, நின்றது, மறுபடி தேய்த்தது. கண்கூடச் சரியாகத் திறக்காத ஜீவன், கம்பளி இருட்டுக்குள் எதையோ தேடிப் புறப்பட்டுவிட்டது. கழுத்து நிற்கவில்லை, தலையைத் தூக்க வலு இல்லை, ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்துகொண்டே இருந்தது.

இதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? பிறக்க வேண்டிய நாளே இன்னும் வரவில்லை. பசித்தால் இந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று எவன் வந்து இதன் காதில் ஓதினான்? நீலமேகத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமி சன்னதியில்கூட அவனுக்கு இப்படி ஆனதில்லை.

குட்டி வாய் திறந்தது. கப்பென்று அவன் மார்க்காம்பைப் பிடித்து இழுத்தது.

அங்கே முடியையும் உப்பையும் தவிர என்ன இருக்கிறது? ஆனால் அந்த இழுப்பு அவன் உள்ளங்கால் வரைக்கும் போனது.

"யக்கா! ஓடியா! சப்புதுக்கா, சப்புது!"

வேலம்மா ஓடி வந்தாள். தட்டிக்குப் பின்னால் படுத்திருந்த செல்வம்மாளும் எழுந்து வந்தாள். ஆம்பளை மார்பில் பால் தேடுகிற பிள்ளையைப் பார்த்து இரண்டு பேருக்கும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிள்ளையை வாங்கிப் பெற்றவள் மார்பில் சேர்த்தார்கள். சட்டென்று பற்றிக்கொண்டது. ஒரு மிடறு இறங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். இன்னொரு மிடறும் இறங்கியது.

நீலமேகம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். போக மனம் வரவில்லை. மறுபடி வரலாமா என்று கேட்கவும் வெட்கமாக இருந்தது.

"நாளிக்கு மத்தியானம் யாரு வூட்டுப் பாடுக்கா?"

வேலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மத்தியானத்துக்கு ஏதுப்பா பாடு? அது எப்பவும் பெத்தவளோடது. இன்னிக்குத்தான், அண்ணனக் கூட்டியான்னு அவளே சொன்னா."

அவன் செல்வம்மாளைப் பார்த்தான். பிள்ளையை விட்டுக் கண்ணெடுக்காமலே அவள் சொன்னாள்.

"நீயும் ஒரு வருசமா குளுர்லதானே கெடக்கறே, அண்ணா."