இடது கால் செருப்பு

எங்களை ராணுவத்திடம் காட்டிக்கொடுத்தான் என்று பரஞ்சோதியைச் சுட்டது நான்தான். சுடுவதற்கு முன் அவனாகவே செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளி வைத்தான். "யாராவது போட்டுக்கட்டும் தோழர்" என்றான். எங்கள் இயக்கத்தில் எதையும் வீணாக்குவதில்லை. என்னுடையது அறுந்துபோயிருந்ததால் நானே போட்டுக்கொண்டேன். காட்டிக்கொடுத்தவன் வேறொருவன் என்று தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அது யாருடைய செருப்பு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பரஞ்சோதியின் அம்மாவிடம் சொல்லச் சொல்லித் தலைமை ஒரு கதையோடு என்னை அனுப்பியது. ஆற்றைக் கடக்கும்போது ராணுவம் சுட்டது, வெள்ளம் உடலைக் கொண்டுபோய்விட்டது. "அவனோட பொருள் ஒண்ணுகூடக் கிடைக்கலம்மா" என்றேன். அவள் சோறு போட்டாள். நல்ல பசி. இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

வழியனுப்ப வாசல்வரை வந்தவள், நான் செருப்பில் கால் நுழைப்பதைப் பார்த்து நின்றாள். பிறகு குனிந்து, இடது வாரின் அடியில் தைத்திருந்த சிவப்புத் துணியை விரலால் தடவினாள்.

"இந்தக் கால் கடிக்குதுன்னான். நான்தான் தச்சுக் குடுத்தேன்" என்றாள். "உனக்குக் கடிக்கலையே தம்பி?"