அலகில் களிமண்

புதிதாக எதையாவது செய்து பார்க்கிறவர்களுக்குத் தானிய வரியில் சலுகை என்று காட்டு அரசாங்கம் அறிவித்திருந்தது. ஆனால் அத்தாட்சி வேண்டும். ஆகவே தூக்கணாங்குருவி காலையிலேயே குளக்கரைக்குப் போய், அலகில் களிமண்ணை அப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

அந்த ஈர வாசனை அதை எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. கல்யாணத்துக்கு முன்னால், கூட்டுக்குள் வெளிச்சம் வேண்டுமென்று களிமண்ணில் மின்மினியை ஒட்டிப் பார்த்த நாட்கள். ஆறு தடவை மண் காய்ந்து உதிர்ந்தது. வரியையும் முழுசாகக் கட்டிவிட்டு அரைவயிற்றோடு அலைந்தது. ஏழாவது தடவை வெளிச்சம் நின்றது. எட்டிப் பார்த்த பெட்டைக்குருவி, "நான் இங்கேயே இருந்துடறேன்" என்றது.

"பதினாறு புதுக் கூடா? பேஷ்" என்றார், சோதனைக்கு வந்து, குருவி கொடுத்த கோப்பின் தாள்களைப் புரட்டிய மரங்கொத்தி அதிகாரி. அலகையும் உற்றுப் பார்த்தார். "களிமண் இருக்கு. சலுகை உண்டு."

அவர் பறந்ததும் பெட்டைக்குருவி தலையை நீட்டியது. அதே பழைய கூடு. பதினாறும் கோப்போடு சரி.

"மழை வருது. மண்ணு ஈரமா இருக்கறப்பவே இந்த ஓட்டையை அடைச்சிடுங்களேன்."

குருவி அலகைப் பத்திரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டது.

"பொறு. நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றார்."