சித்தப்பா அழுகிறார்

ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் என்று நினைத்து முனிரத்தினம் மிதித்தது ஆக்ஸிலேட்டரை. பின்னால் பாய்ந்த கார், குந்தாரப்பள்ளி சந்தையில் சாந்தம்மா குவித்து வைத்திருந்த தக்காளியைச் சட்னி அரைத்துவிட்டுத்தான் நின்றது.

கூட்டம் சூழ்ந்தது. "டேய், இது சீரியல் சித்தப்பாடா!" என்று கத்தினான் டெம்போ டிரைவர் அஜித்குமார்.

முனிரத்தினம் முப்பது வருடமாக டிவியில் சித்தப்பா வேஷம் கட்டுகிறவர். எந்த சீரியலானாலும் அழுது அழுதே அண்ணன் சொத்தை எழுதி வாங்கிவிடுவார்.

"அம்மா, நஷ்டத்தைக் குடுத்துடறேன். நாகரசம்பட்டியில என் தங்கச்சி பொண்ணுக்கு இப்ப முகூர்த்தம். தாய்மாமன் நானே இல்லேன்னா எப்படி? விட்டுடுங்கம்மா!"

சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது, வார்த்தை குழறியது.

"பாரு, ஆரம்பிச்சிட்டாரு! போன வாரம் இப்படி அழுதுதானே அண்ணன் வீட்டை எழுதி வாங்கினாரு? போலீஸ் வர்ற வரைக்கும் கார் நகராது சித்தப்பா!" என்றான் அஜித்குமார். கூட்டம் கைதட்டியது.

சாந்தம்மா மட்டும் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைத் தள்ளி விலக்கினாள்.

"வழி விடுங்கடா. மனுசன் நெசமாத்தான் அழுவறாரு. நீங்க போயி பொண்ண வாழ்த்திட்டு வாங்க சாமி, அப்புறம் பேசிக்கலாம்."

முனிரத்தினத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரசிகை என்றால் இவளல்லவா ரசிகை! காரில் ஏறப் போனவர், முகூர்த்தத்தையும் மறந்து திரும்பி வந்தார்.

"ஏம்மா, என் நடிப்பைத் தெனமும் பாக்கறதாலதானே கரெக்டா கண்டுபுடிச்ச?"

"ஆமாங்க. டிவியில நீங்க அழுதா எனக்குச் சிரிப்பு சிரிப்பா வரும். இன்னிக்கித்தான் பாவமா இருந்துச்சு."