ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி

இறந்த அன்று காலையில் எல்லப்பன் வீட்டில் கடைசியாகச் செய்தது, மனைவி சுமலதாவுக்குப் பூண்டுச்செடியின் பச்சை இலையான பூண்டுத்தாள் நறுக்கி வைத்ததுதான். பிறகு குன்னூர் ஹோட்டலுக்குச் சமைக்கப் போனான். இன்று பதினேழாம் நாள். பனி அப்பிய ஜன்னலின் மங்கல் வெளிச்சத்தில், கொழுந்தன் சசிதரன் கட்டிலடியிலிருந்து இழுத்த தகரப்பெட்டிக்குள் முப்பது பத்திரிகைகள் வழவழக்கின்றன. பெரிய ஹோட்டல் சமையல்காரர்களுக்கென்றே பிரான்சில் அச்சானவை. குன்னூர் ஹோட்டலில் வந்து தங்கிய யாரோ விட்டுப்போயிருக்கிறார்கள். "அண்ணனுக்கு இங்கிலீஷே தகராறு, இதுல பிரெஞ்சுங்களாமா! பழைய பேப்பருக்குப் போட்ரலாங்க அண்ணி" என்கிறான் சசிதரன்.

சுமலதா ஒன்றைப் பிரிக்கிறாள். கிண்ணத்தில் வெள்ளையாக ஒரு சூப். படத்தின் ஓரத்தில் பென்சிலால் எல்லப்பனின் கோணல் எழுத்து: 'உருளைக்கிழங்கு. லீக்ஸுக்குப் பதில் பூண்டுத்தாள்.' ஞாயிறுதோறும் கஞ்சி என்று அவன் ஊற்றிக் கொடுத்தது இதைத்தான். "ரெண்டு கிண்ணம் குடிச்சுப்போட்டு மூணாவதும் கேப்பியே தம்பி, அந்தக் கஞ்சி இது. படிக்கத் தெரியாமலா உங்கண்ணன் ஆக்கிப் போட்டாரு?" பெட்டியை அறைந்து சாத்தி அதன்மேலேயே உட்கார்ந்துகொள்கிறாள். "ஒரு பக்கம்கூட இந்த ஊட்டைத் தாண்டாது." அவள் மடியில் விரிந்த பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருக்கிறது: 'சுமாவுக்கு பிரஷர், உப்பு பாதி.' அவள் வைத்த குழம்பு அடுப்பில் கொதிக்கிறது; அதிலும் உப்பு பாதிதான்.